வாயசைத்த பேய்

அந்தப் பேய்ப் படத்தைப் பற்றிப் பேசி, கேட்பவர்களைக் கதிகலங்க வைத்துவிடுவது என்று கடிகாரக்காரர் கங்கணம் கட்டிக்கொண்டார். ஊமைப்படக் காலத்துப் படம். நடுநடுவே எழுத்தில் வரவேண்டிய வசனமெல்லாம் அழிந்துபோயிருந்தது. ஞாயிறு மதியம் நூலகத்தில் போடும்போது பக்கத்தில் நின்று கதையை விளக்க வேண்டும். நன்றாகச் சொன்னால் மாசாமாசம் அவரே விளக்கலாம் என்று நூலகத்தம்மா சொல்லியிருந்தார்.

வீட்டில் ஏழு தடவை போட்டுப் பார்த்தார். செத்துப்போன மனைவி, மூடிய கதவு வழியே புகையாய் நுழைகிறாள். கட்டிலருகே குனிகிறாள். உதடு மட்டும் அசைகிறது. புருஷன்காரன் நடுநடுங்கிப் போர்வைக்குள் சுருளுகிறான். மறுநாளும் வருகிறாள். அதற்கு மறுநாளும்.

“பாவங்க அந்தப் பொண்ணு,” என்றாள் அவர் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

“பாவமா? உயிரைக் குடிக்க வந்த பிசாசு! இருபத்திரண்டு வருஷம் நூல் மில்லுல கிடந்தவளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்க புரியும்?”

“இல்லைங்க, அவ என்ன சொல்றான்னா...”

“சத்தமே இல்லாத படத்துல உனக்கு மட்டும் கேட்டுச்சாக்கும்! போய் வேலையைப் பாரும்மா.”

“சரி. ஈரத் துண்டை நாற்காலியில போடாதீங்க.”

கடிகாரக்காரர் விருட்டென்று எழுந்து, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போனார். அது அவர் கண்டுபிடித்த வித்தை. மனைவிக்கு முதுகைக் காட்டி நின்று, சாவியைத் திருகியபடியே, மனசில் இருப்பதையெல்லாம் சத்தமில்லாமல் வாயசைத்துக் கொட்டித் தீர்த்துவிடுவார். முப்பது வருஷமாக வீட்டில் பெரிய சண்டை இல்லாததற்கு அந்தக் கடிகாரம்தான் காவல் தெய்வம் என்று நம்பினார். அவளும் அதன் கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசி தங்க விடமாட்டாள்.

ஞாயிறு வந்தது. கட்டிலருகே பேய் குனிந்ததும் கடிகாரக்காரர் குரலை நடுக்கினார். “‘உன்னை விடமாட்டேன்! உன் ரத்தத்தைக் குடிப்பேன்!’ என்கிறாள்...”

முன்வரிசை மூச்சை அடக்கியது. பின்வரிசையில் மனைவியோடு வந்திருந்த மில் தோழிகள் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

நூலகத்தம்மா படத்தை நிறுத்தினார். “என்ன சிரிப்பு?”

“கோவிச்சுக்காதீங்கம்மா. அவ அப்படிச் சொல்லவே இல்ல. அக்கா, நீ சொல்லேன்!” என்றாள் தோழிகளில் ஒருத்தி.

மனைவி தயங்கித் தயங்கி எழுந்தாள். “மில்லுல மெஷின் ஓடறப்போ பக்கத்துல கத்தினாக்கூடக் கேக்காதுங்க. உதட்டைப் பார்த்தேதான் பேசிக்குவோம். அவ, ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேக்கறா. தினமும் அதே கேள்விதான். அவர் பதில் சொல்லலைன்னு திரும்பத் திரும்ப வர்றா.”

மறுபடி ஓட்டினார்கள். அதே புகை, அதே வெளிறிய முகம். ஆனால் பயம் இடம் மாறியிருந்தது. இப்போது கட்டிலில் கிடந்தவனைப் பார்த்துத்தான் நெஞ்சு பதறியது. ‘சாப்பிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாய்ப் போய்ச் சேர்ந்திருப்பாளே! காது கேளாதது ஒரு குறையா? இவள் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறாள் என்று இருப்பதல்லவா பெரிய செவிடு! கடிகாரக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாசத்துப் படத்துக்கு விளக்கம் சொல்ல அவர் மனைவியைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். “சாப்பிடறீங்களா?”

“சாப்பிடறேன், சாப்பிடறேன்!” என்று முந்திக்கொண்டு பதில் சொன்னார். அப்புறம்தான் அவருக்குச் சுரீரென்று ஒன்று உறைத்தது.

“ஏம்மா... முதுகைக் காட்டி நின்னா உதடு தெரியாதில்ல?”

“முதுகுல எப்படிங்க உதடு தெரியும்?”

போன உயிர் திரும்பி வந்தது. அவள் துணியை எடுத்துக்கொண்டு கடிகாரத்துக்கு அருகே போனாள்.

“கண்ணாடியிலதான் தெரியும். இல்லாட்டி இதைத் தினமும் எதுக்குத் துடைக்கறேன்?”