கடல் தேவதைக்கு ஒரு பச்சை பிளவுஸ்

முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு கடல் தேவதைக்கு பிளவுஸ் போட்டுவிட்டவன். ஊசி நூலால் அல்ல, வேலிக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டால்.

எண்பதுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். குடியிருப்பு மாசி என்ற இன்னொரு புறநகரில், ஐரீன் என்ற வெள்ளைக்கார விதவையின் வீட்டில் ஓர் அறை. ஹாலில் அரைச் சுவரை அடைத்துக்கொண்டு ஓர் எண்ணெய் ஓவியம். ரொக்கோக்கோ பாணியாம், கணவரின் பாட்டனார் கப்பலில் கொண்டுவந்ததாம். இளஞ்சிவப்பு மேகம், கொழுத்த குழந்தைகள், டொல்பின்கள் இழுக்கும் சிப்பித் தேர். தேரில் கடலரசனின் மனைவி. கழுத்தில் முத்துமாலை இருந்தது. (அவ்வளவுதான் இருந்தது.)

அந்த ஹாலுக்குத்தான், யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த ஒருவர் மகள் சுகந்தியுடன் என்னை மாப்பிள்ளை பார்க்க வருவதாக இருந்தது. சுகந்தியைப் பூசைகளில் இரண்டு தடவை கண்டிருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று முடிவெடுக்க எனக்கு அது போதும். வாத்தியாரோ பழுத்த சைவம். படத்தைக் கண்டால் வாசலோடு திரும்பிவிடுவார். கழற்றலாம் என்றால் அசைகிறதா! போர்வையால் மூடினால், எதை மறைக்கிறாய் என்று கேட்பார்.

ஐரீன் வெளியே போயிருந்தார். பெயின்ட் டின்னில் தண்ணீரில் கழுவலாம் என்று எழுதியிருந்தது. (பிரஷ்ஷை என்பது பிறகுதான் புரிந்தது.) கழுத்தை மூடி, முழங்கை வரை கை வைத்து ஒரு பிளவுஸ் அடித்தேன். சுற்றியிருந்தவர்களை விட்டுவிட்டேன், குழந்தைகள்தானே.

வந்த வாத்தியார் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"தம்பி, இது எந்த அம்மன்?"

"கட... கடலம்மன், அங்கிள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கையாலும் அம்மனைத் தொட்டு, பக்தியோடு கண்களில் ஒற்றிக்கொண்டார். பெயின்ட் காயவில்லை. திரும்பிய மனிதருக்கு இரண்டு இமையும் பச்சைப் பசேல்.

சுகந்தி சேலைத் தலைப்பால் வாயை அடைத்தாள். அந்த நேரம் பார்த்து ஐரீன் உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல்யாணமும் போச்சு, அறையும் போச்சு. நடந்ததை அப்படியே கொட்டிவிட்டேன், இரண்டு மொழியிலும்.

ஐரீன் கதிரையில் விழுந்து, கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஈரத் துணியால் முதலில் வாத்தியாரையும் அடுத்துத் தேவதையையும் துடைத்தார். தேவதையின் தோளில் ஒரு பச்சைக் கீற்று மட்டும் போகவில்லை. இருக்கட்டும், இத்தனை வருஷக் குளிரில் அவளுக்கு யாரும் ஒரு துணி கொடுத்ததில்லை என்றார். அந்த மனுஷியை அம்மா என்று கூப்பிடத் தோன்றியது எனக்கு.

வாத்தியார் சிரிக்கவில்லை.

"சாமியெண்டு பொய் சொன்ன பொடியனுக்குப் பொம்பிளை குடுக்கலாமோ?"

"அப்பா, ஒரு படத்துக்கே சட்டை போட்டுவிட்டவர், என்னை நல்லாத்தான் பாப்பார்," என்றாள் சுகந்தி. "எனக்கு ஓம், சம்மதம்."

கல்யாணம் நடந்தது. மாமா என்னை மன்னித்துவிட்டார். படங்களைத்தான் இன்னும் நம்புவதில்லை. எந்தக் கோயிலிலும் சாமி படத்தை முதலில் ஒரு விரல் நுனியால் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்ப்பார். பின்னால் நிற்கும் என் பிள்ளைகள் கேட்பார்கள்:

"அம்மப்பா, இஸ் இட் டிரை?"

"ஓம், காஞ்சிட்டுது," என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணில் ஒற்றுவார்.