அம்புத் துளையும் அப்பாவும்

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதிக்கொள்வது. நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல், உண்மையாகப் பதிவுசெய்யப் போகிறேன். இங்கு நான் நலமாக இல்லை. அப்பாவும் அம்மாவும் மிக நலம். என் கோபமே அதுதான்.

நீங்கள் அனுப்பிய கோட்டைகள் புத்தகத்தை அட்டை பிய்யும்வரை படித்துவிட்டு, அதில் இருக்கும் இடிந்த கோட்டைக்குக் கூட்டிப்போகச் சொல்லி அப்பாவை நச்சரித்தேன். இன்று சனிக்கிழமை, ஒருவழியாகப் போனோம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: காவல் கோபுரத்தின் உச்சியில் நின்று அகழியைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் அதைப் பற்றிப் பேசுவதாக டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் வரிகூடத் தயார். 'கோபுர உச்சியில் நின்று நான் கீழே பார்த்தபோது...'

மாமா, கட்டட மேஸ்திரியை அப்பாவாக வைத்துக்கொண்டு யாரும் கோட்டைக்குப் போகக் கூடாது. நுழைந்ததுமே சுவரை விரல் முட்டியால் தட்டத் தொடங்கினார். எண்ணூறு வருஷத்துச் சுவர் என்று நான் சொன்னால், "சுண்ணாம்பை நல்லா அரைச்சிருக்கான்" என்கிறார். அரசி உறங்கிய அறை என்றால், "சுவர்ல ஓதம் ஏறியிருக்கு பாரு, அந்தம்மாவுக்குத் தீராத சளி இருந்திருக்கும்" என்கிறார். அம்மாவோ கூரையில்லாத சமையல்கூடத்தில் நின்று, "எவ்ளோ பெரிய புகைபோக்கி. கல்யாணம் ஆன நாளா நானும் நம்ம வீட்டுக்கு ஒண்ணு கேக்கறேன், ஊரான் வீட்டுக்கெல்லாம் வச்சுக் குடுக்கறீங்க" என்று தன் பழைய வழக்கை எடுத்துவிட்டாள். பொறுத்தேன். கோபுரத்துக்குச் சிலர் சிலராகத்தான் விடுவார்கள் என்பதால் வெயிலில் வரிசையில் நின்று, எங்கள் முறை வரும் தறுவாயில், சும்மா இருக்க மாட்டாமல் படிக்கட்டு வாசலுக்குப் பக்கத்திலிருந்த அம்புத் துளையை அப்பாவுக்குக் காட்டினேன். வீரர்கள் உள்ளே மறைந்து நின்று அம்பு எய்வதற்காகச் சுவரில் விட்ட ஒடுங்கிய இடைவெளி என்று விளக்கமும் சொன்னேன். அப்பா அதற்குள் கையை விட்டார். முகம் மாறிவிட்டது.

"இது அம்பு விடற ஓட்டை இல்லம்மா. விரிசல்."

"புத்தகத்துல இருக்குப்பா."

"இருக்கலாம். கல்லு நகர்ந்திருக்கே."

நகர்ந்தது கல் அல்ல மாமா, என் தலையெழுத்து. அப்பா நேராகக் காவலாளியிடம் போனார். காவலாளி சிரித்தார். "சார், இது இடிஞ்ச கோட்டை. விரிசலைப் பாக்கத்தான் எல்லாரும் வர்றாங்க."

"நான் மேஸ்திரிங்க. ஆளு ஏறுற இடம். வந்து கையை வச்சுப் பாருங்க."

கையை வைத்துப் பார்த்தவர் அப்புறம் சிரிக்கவில்லை. மேலே இருந்தவர்களை இறக்கிவிட்டு, வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டினார். எங்களுக்குப் பின்னால் நின்ற தொப்பிக்காரர், "லீவு நாள்லகூட மேஸ்திரி வேலையைக் காட்டணுமா?" என்று கேட்டார். நான் அவர் பக்கம் போய் நின்றுகொள்ளலாமா என்று பார்த்தேன். திரும்பும் வழியெல்லாம் அப்பாவுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து வந்தேன். அப்பா அதைக் கவனிக்கக்கூட இல்லை. சுவருக்கு எங்கே முட்டுக் கொடுக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

உலகத்தில் அப்பா பயப்படுவது உங்களுக்கு மட்டும்தான். ஆகவே மச்சான் என்ற முறையில் அவரைப் போனில் கூப்பிட்டு, அம்புத் துளைக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் தெரியாததற்காகக் கண்டிக்க வேண்டும். கொஞ்சமும் இரக்கம் காட்ட வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம். இந்தக் கோபத்தில் அத்தைக்குப் பங்கில்லை.

இப்படிக்கு,
வகுப்பில் சொல்ல ஒன்றுமில்லாத உங்கள் மருமகள்

பி.கு.: அப்பாவின் தவறை நிரூபிக்க அம்புத் துளையை வரைந்து அனுப்பலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். படத்தில் அது நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. நான் காட்டியது கோணல்மாணலாக இருந்தது. இதை எப்படிப் போய்ச் சொல்வது என்று யோசிக்கும்போதே கோட்டையிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. நாளைக்கு இன்ஜினியர் வருகிறாராம், அப்பாவும் வர வேண்டுமாம். "நான் எங்கங்க பாத்தேன், என் பொண்ணுதான் காட்டினா," என்கிறார் அப்பா. "அவளையும் கூட்டிட்டு வரேன். ஹெல்மெட் மட்டும் சின்னதா ஒண்ணு எடுத்து வைங்க." மாமா, நீங்கள் அப்பாவைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டாலும் வேறு ஏதாவது பேசுங்கள். என் பேச்சின் முதல் வரியை மாற்ற வேண்டும். கடிதத்தின் இந்தக் கடைசி வரி கோணலாகப் போவதற்குக் காரணம், அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.