ராத்திரி தாண்டி வைக்கக் கூடாது

"ராத்திரி தாண்டி வெச்சிருந்தா வீண் செலவுக்கா. சாயந்தரத்துக்குள்ள முடிச்சிடுறேன்."

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் போனில் யாரிடமோ இப்படிச் சொன்னபோது, குமாஸ்தா கட்டிலுக்கடியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தேடிய கை அப்படியே நின்றுவிட்டது.

வேறு யாராக இருந்தாலும், ஏதோ துவைக்கிற துணியைப் பற்றிப் பேசுகிறாள் என்று போயிருப்பார்கள். இவர் காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர். கணவன்மார்கள் எப்படியெல்லாம் போய்ச் சேருகிறார்கள் என்பதைக் கோப்பு கோப்பாகப் படித்தவர். ஆபீசுக்கு வர்ணம் அடிக்கிறார்கள் என்று பத்து நாள் லீவு கொடுத்ததால் வீட்டில் இருந்தார். பட்டப்பகலில் தன் வீடு இத்தனை நிசப்தமாக இருக்கும் என்பதே அவருக்குப் புதிது. சுவர்க் கடிகாரம் நகர்வதுகூடக் கேட்டது.

"ஆமாக்கா, ஜோடிதான். ஆனா ஒண்ணு ஏறணும்னா இன்னொண்ணு எறங்கித்தானே ஆகணும்?"

தொடர்ந்து ஒரு சின்னச் சிரிப்பு. கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை.

நாலு மணிக்கு இரண்டு டம்ளர் டீ வந்தது. அவள் ஜன்னலைச் சாத்தத் திரும்பிய நேரம் பார்த்து, டம்ளர்களை இடம் மாற்றி வைத்தார். அவள் குடித்தாள். கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். மறுநாள் மத்தியானம் அவர் கதவில் காதை ஒட்டினார்.

"நேத்து ஸ்வாப் ஆயிடுச்சுக்கா. அதான் கொஞ்சம் நஷ்டம். போகட்டும், இன்னிக்குப் பார்த்துக்கலாம்."

ஸ்வாப் என்றால் மாற்றுவது என்கிற அளவுக்கு அவருக்கும் இங்கிலீஷ் தெரியும். அடிப்பாவி, பார்த்திருக்கிறாள்! பார்த்தும் சொட்டு விடாமல் குடித்திருக்கிறாள்! அப்படியானால் டீ வெறும் கண்துடைப்பு, அவள் வழியே வேறு.

காற்று வாங்கலாம் என்று வெளியே வந்தார். எதிர்வீட்டு அம்மா தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். கையிலிருந்த சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். காற்று வாங்கியது போதும் என்று குமாஸ்தாவும் திரும்பிவிட்டார்.

அன்று இரவு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நல்ல கணவனைக் கொல்ல யாருக்கும் மனசு வராது.

காலையில் எழுந்ததும் பாத்திரம் தேய்த்தார். பதினெட்டு வருடமாகத் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியின் தூசியை முதல் தடவையாகத் துடைத்தார். "இந்தப் புடவை உனக்கு எடுப்பா இருக்கும்மா" என்றார். அவள் கட்டியிருந்தது நைட்டி என்பதைச் சொன்ன பிறகுதான் கவனித்தார்.

மத்தியானம் கதவுக்கு அந்தப் பக்கம் குரல் நடுங்கியது.

"காலையிலேர்ந்து ஏறிக்கிட்டே போகுதுக்கா. காரணமே இல்லாம இப்படி ஏறினா எனக்குப் பயமா இருக்கு. அதான் ஷார்ட் போட்டுட்டேன்."

ஷார்ட்! குளியலறை, ஈரத்தரை, வெந்நீர்க் குழாய், மின்கசிவு. போன வருடம் மட்டும் அப்படி ஏழு கோப்பு. ஓடிப்போய் வீட்டிலிருந்த அத்தனை பிளக்கையும் பிடுங்கினார். ராத்திரிக்குள் மூன்று தடவை பச்சைத் தண்ணீரில் குளித்தார். மறுநாள் விடியும்போது நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் அடித்தது.

கழுத்துவரை போர்வையோடு கிடந்தவருக்கு இப்போது கதவில் காது வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பக்கத்து அறையிலிருந்து குரல் தானாகவே வந்தது, அதுவும் குதூகலமாக.

"எறங்கிடுச்சுக்கா! நல்லாவே எறங்கிடுச்சு! இனிமே எறங்க எறங்க நமக்கு லாபம்தானே?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தார். கதவு மெல்லத் திறக்கும் சத்தம். இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி மனைவி, இன்னொருத்தி எதிர்வீட்டு அம்மா.

"இன்னும் எறங்குமா?" என்றாள் எதிர்வீட்டு அம்மா.

"தெரியலையே. டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார்."

"இப்பவே வாங்கிடவா?"

"அவசரப்படாதீங்க. நாளைக்கு இன்னும் மலிவாக் கெடைக்கும். ஆனா ஒண்ணு, மார்ஜின் கால் மட்டும் வராமப் பார்த்துக்கணும். கால் வந்துட்டா அப்புறம் எல்லாத்தையும் மூடிடுவாங்க."

எதை வாங்கப் போகிறார்கள், எதை வைத்து மூடுவார்கள் என்று நினைத்துப் பார்க்கவே அவருக்குத் தெம்பில்லை. போர்வைக்குள் இரண்டு காலையும் மடக்கிக்கொண்டார். இதில் எது மார்ஜின் கால் என்று தெரியவில்லை.

அவர்கள் போனதும் ஆபீஸ் நண்பருக்குப் போன் போட்டார். "நான் போயிட்டா விசாரிக்காம பாலிசிப் பணத்தைக் குடுத்துடாதே. எழுதி வேணும்னாலும் தர்றேன்."

"தரலாம் சார், அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. ஆனா நாமினி கையெழுத்து வேணுமே. வீட்டம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க."

போனை வைத்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாவதைவிட, அவள் கையால் சாவதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பதினெட்டு வருடத்தில் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்ட கை அது.

கதவு திறந்தது. மனைவி ஆவி பறக்கும் டம்ளரோடு வந்து நின்றாள்.

"நீயே முதல்ல குடி!" என்று அலறினார் குமாஸ்தா. "என்ன பாவம் பண்ணினேன் உனக்கு? எறங்குது எறங்குதுன்னு சிரிக்கிறியே! ராத்திரி தாண்டக் கூடாதுன்னு நாள் குறிச்சிட்டியே! என்னை முடிக்கிறதுல உனக்கு எவ்வளவு லாபம்?"

அவள் வாய் பிளந்து நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். டம்ளரை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். அட்டையில் "அந்நியச் செலாவணி: ஆரம்பப் பாடம்" என்று எழுதியிருந்தது.

"மேல்மாடி அக்கா பேங்க்ல அந்தப் பிரிவுல இருந்து ரிட்டையர் ஆனவங்க. நம்ம பில்டிங் பொம்பளைங்களுக்கெல்லாம் போன்லயே சொல்லித் தர்றாங்க. படிச்சுப் பாருங்க!"

படித்தார். எப்போதும் இரண்டு நாட்டுப் பணத்தைச் சேர்த்தே பேசுவார்கள், அதற்கு ஜோடி என்று பெயர். ஏறும் என்று வாங்கிப் போட்டால் லாங். இறங்கும் என்று முன்கூட்டியே விற்றால் ஷார்ட், இறங்க இறங்க லாபம். கையிலிருப்பதை ராத்திரி தாண்டி வைத்தால் பிடித்துக்கொள்ளும் வட்டி ஸ்வாப். கட்டிய முன்பணம் கரைந்தால், இன்னும் கட்டு என்று வரும் எச்சரிக்கை மார்ஜின் கால், கட்டாவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள். மொத்தமாக வாங்கும் ஒரு கட்டு, ஒரு லாட்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரியாகத்தான் இருந்தது. அவருக்கு அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார். வெறும் சுக்குத் தண்ணீர்தான்.

"ஆமா, நம்ம சேமிப்பை எதுவும் அதுல போடலையே?" என்று கேட்டார்.

"சேச்சே! ஆரம்பத்துலயே நெஜப் பணத்தைத் தொடக் கூடாதுன்னு அக்கா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. முதல்ல வீட்டுல சும்மாக் கெடக்கிறதை வெச்சுப் பழகணுமாம். தினமும் ஏறுதா எறங்குதான்னு பார்த்து எழுதி, எங்களுக்குள்ளேயே வாங்கி வித்துக்குவோம்."

பொத்தான், சோழி ஏதாவது வைத்து விளையாடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. வர்ண வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டதென்று ஆபீசிலிருந்து தகவல் வந்ததால், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். முற்றத்தைத் தாண்டும்போது மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து யாரோ பார்ப்பது போலிருந்தது. நிமிர்ந்தால் திரைச்சீலை மட்டும் ஆடியது. தன் பயத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு வெளி வாசற்படியில் காலை வைத்தார். ஈரம். கால் லேசாக வழுக்கியது.

படி கழுவிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"அய்யா, பார்த்து, பார்த்து! இன்னும் எறங்கிடாதீங்க, சாமி! காய்ச்சல்ல மலிவா வந்தீங்களேன்னு நேத்துத்தான் உங்களை ரெண்டு லாட் வாங்கிப் போட்டிருக்கேன்."