மீன் வாயில் இரண்டு கண்கள்

இனி என் கையால் மீன் அறுப்பதில்லை என்று சபதம் செய்தேன். கடிகாரம் பழுது பார்க்கும் கை ஐயா இது! ஆறு நாள் கடையில் குனிந்த கழுத்து ஏழாம் நாளும் மீன் கழுவும் தொட்டியில் குனிய வேண்டுமா?

என் மனைவிக்கு மீன் நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை. வாரமெல்லாம் மீன் அறுப்பவள் விடுமுறையில் கத்தியைத் தொட மாட்டாள். சரி, நோய் மீன் என்றால் அறுக்காமல் கொட்டிவிடலாம்; நோயை நோய் இல்லை என்று அவளே சொல்ல முடியாதே! மீன்காரரிடம் ரகசியமாகச் சொல்லி, பூச்சி பிடித்த கடல் மீனாகவே இரண்டு கிலோ வாங்கி வந்தேன்.

"என்னங்க, மீன் அப்படியே கிடக்கு?"

"எப்படி அறுக்கிறது? வாயைத் திறந்து பாரு. எல்லாம் நோய்! குப்பையில கொட்ட வேண்டியதுதான்."

திறந்தாள். முகம் சுளிப்பாள் என்று காத்திருந்தேன். மலர்ந்தது.

"அடடா! நாக்கைப் பாத்தீங்களா?"

"அதுக்கென்ன, இருக்கே."

"அது நாக்கே இல்லை, ஒரு ஒட்டுண்ணிப் பூச்சி. குட்டியா செவுள் வழியா உள்ள வந்து, நாக்கோட ரத்தத்தை உறிஞ்சி, நாக்கு சுருங்கிப் போனதும் அந்த இடத்துல இது உக்காந்துக்கிச்சு. இப்ப மீனுக்கு இதுதான் நாக்கு."

"சும்மா கதை விடாதே!"

"உங்க கடை லென்ஸை மாட்டிப் பாருங்க."

மாட்டினேன். நாக்கு இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு கறுப்புக் கண்கள் என்னைப் பார்த்தன. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. முப்பது வருஷமாகக் கடிகாரம் பிரிக்கிறேன். பழுதாகிப் போன பாகத்தின் இடத்தில் ஓர் உயிர் வந்து உட்கார்ந்து வேலை பார்த்து நான் கண்டதில்லை!

"இதுக்கே அசந்துட்டீங்களா? செவுளை வெட்டி எடுத்துப் பாருங்க."

வெட்டினேன். இரண்டு முட்டைச் சரங்களைத் தொங்கவிட்டபடி வேறொரு பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஈரலைப் பாக்கணும்னா வயித்தைக் கீறணும்."

கீறினேன். ஈரலின் மேல் ஒரு புழு, கைக்கடிகாரச் சுருள்வில் மாதிரி அத்தனை கச்சிதமாகச் சுருண்டு கிடந்தது.

"இதைத் தின்னலாமா?"

"புழுவை எடுத்துட்டு நல்லா வேக வச்சா ஒண்ணும் பண்ணாது."

"எல்லா மீன்லயும் இப்படித்தானா?"

"ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு அதிசயம். செதிலைச் சுரண்டினா அடியிலயும் இருக்கும்."

சுரண்டினேன். அடுத்த மீன். அதற்கடுத்தது. கடல் இத்தனை பேருக்குக் குடித்தனம் நடத்த இடம் கொடுத்திருப்பது தெரியாமலே வயசாகிவிட்டதே என்று வியந்து வியந்து கடைசி மீனின் குடல்வரை பார்த்தேன்.

அவள் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள்.

"எல்லாம் பாத்தாச்சா? அப்ப அலசி எடுத்துட்டு வாங்க, அடுப்பு காயுது."

குனிந்து பார்த்தேன். செதில், செவுள், குடல் எல்லாம் நீங்கி, இரண்டு கிலோ மீனும் சுத்தமாக இருந்தது.