சலவை நிலையத்தில் நான் வில்லனான விவரம்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நம் சலவை நிலையத்தில் இயந்திரங்கள் யாவும் நலம். உங்கள் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல்.

கழிப்பறையைப் பூட்டிச் சாவியை என் மேசையில் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள் அல்லவா, நானும் அப்படியே செய்தேன், இப்போது நம் ஆட்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து அதையே படமாக எடுக்கிறார்கள், தெருமுனையில் திரை கட்டிக் காட்டப்போகிறார்களாம், வேன் ஓட்டுநர்தான் கேமரா. “இதுக்கு டைரக்டர் யாரு?” என்று அதட்டினேன். “எல்லாரும்தாங்க. எதுன்னாலும் கை தூக்கி ஓட்டெடுப்போம்” என்றார் இஸ்திரி போடும் அக்கா. முதலாளி வேஷத்துக்கு மட்டும் ஒருவரும் சம்மதிக்கவில்லையாம். பாவமாக இருக்கவே நானே ஒப்புக்கொண்டேன். “சாவி தர முடியாது” என்ற ஒரே வசனத்துக்குப் பதினேழு டேக். “இவ்ளோ கனிவா சொன்னா யார் நம்புவாங்க? நேத்து என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க” என்கிறார் அக்கா. “நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்!” என்று கத்தினேன் பாருங்கள், “இதேதான்! ஓகே!” என்று எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? நடித்தவனும் படக்குழு உறுப்பினராம், எனக்கும் ஒரு ஓட்டு. முதலாளிக்கு நல்ல மனசு என்று ஒரு காட்சி வைக்கச் சொன்னேன், பன்னிரண்டுக்கு ஒன்றில் தோற்றது. அடுத்து வேஷத்தை மாற்றிக்கொள்ளத் தீர்மானம். அக்கா என் நாற்காலியில் சாய்ந்து சாவியை விரலில் சுழற்ற, நான் ஆவி பறக்கும் மேசையில் ஐந்து மணி நேரம் போர்வை மடித்தேன். எனக்கோ சர்க்கரை வியாதி.

“முதலாளி, சாவி...” என்றேன்.

“போன வாரம் நான் கேட்டப்ப என்ன சொன்னீங்க?”

“சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கோன்னு.”

சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது அண்ணா, அது நடிப்பில்லை. அக்கா வேஷத்தை மறந்து சாவியை நீட்டினார். அதற்கு மட்டும் ஓட்டெடுக்கவில்லை. ஓடிப்போய்த் திரும்பி வந்ததும் பூட்டையே கழற்றி எறிந்துவிட்டேன். ஊர்வலக் காட்சியில் “முதலாளி ஒழிக!” என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியதும் நான்தான். கோபிக்க வேண்டாம். எல்லாம் சுமுகமாகிவிட்டது, நீங்கள் அங்கிருந்து அலைந்து வரத் தேவையே இல்லை.

அண்ணிக்கு வணக்கம். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி
(உறுப்பினர் எண் பதின்மூன்று)

பி.கு.: இப்போதுதான் கூட்டம் முடிந்தது. நான் ரொம்பத் திருந்திவிட்டதால் முதலாளி வேஷத்துக்கு இனி லாயக்கில்லையாம். உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பதின்மூன்றுக்குப் பூஜ்யம். உடனே கிளம்பி வரவும். வசனம் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஃபோனில் என்னிடம் பேசுவது போலவே பேசினால் போதும்.