கூரை இல்லாத காரை அனுப்பிய மச்சினனுக்கு

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் அக்காவைக் கட்டிய ஒரே தகுதியில் உனக்கு அத்தானாகிவிட்டவன் எழுதுவது. நான் நலம், உன் அக்கா நலம், உன் கார் கிட்டத்தட்ட நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். படித்து முடிக்கும்போது எப்படி இருப்பாயோ.

முதலில் உனக்குப் பெரிய கும்பிடு. சிகிச்சையில் முடி கொட்டியதிலிருந்து உன் அக்கா வாசல் தாண்டவில்லை. 'எல்லாரும் என் தலையத்தான் பாப்பாங்க, நான் ஆஸ்பத்திரிக்கே வரல' என்று ஒரே பிடிவாதம். கறுப்புக் கண்ணாடி போட்ட கார் ஒன்று அனுப்பு என்று கேட்டால், நீ மேலே கூரையே இல்லாத கார் அனுப்புகிறாய். பழைய ஜெர்மன் வண்டியாம், திருகாணி திருகாணியாகத் தேடி நீ உயிர் கொடுத்ததாம், கண்காட்சிக்குப் போகிறதாம். 'என்கிட்ட இருக்கறதுலயே நல்லது இதுதான் அத்தான்' என்று போனில் வேறு சொன்னாய். அன்று உன்னைத் திட்டியதை எழுதினால் தபால்காரர் கூச்சப்படுவார். மடித்திருந்த துணிக் கூரையை நானும் எதிர்வீட்டுக்காரரும் இழுத்துப் பார்த்தோம். அவர் விரல் மாட்டியதுதான் மிச்சம்.

நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டாமல் வண்டி எடுத்தால் பல் துலக்காத மாதிரி இருக்கும். உன் காரின் முன்மூடியைத் திறந்தால் இன்ஜினைக் காணோம். வெளிநாட்டுக்காரன் எங்காவது ஒளித்து வைத்திருப்பான் என்று, கண்ணில் பட்ட மூடியைத் திருகி ஒரு சொம்பு ஊற்றினேன். பெட்ரோல் வாடை வந்தது. பழைய வண்டி, வாடை வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அது பெட்ரோல் டேங்க் என்று மெக்கானிக் சொல்லித்தான் தெரியும்.

மருந்து தள்ளிப்போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், உன் அக்கா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஏறினாள். கடைத்தெரு நடுவில் வண்டி இருமிக்கொண்டே நின்றுவிட்டது. கூட்டம் கூடிவிட்டது.

பழக்கடைக்காரர் கேட்டார், 'இன்ஜின் எங்கண்ணே இருக்கு?'

நான் மறுபடி முன்மூடியைத் திறக்கப் போனேன். போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. 'பின்னாடி இருக்கு. அவரக் கேக்காதீங்க, அவரு லாரிக்காரரு. இது என் தம்பி செஞ்சது. கை வெக்காதீங்க, விரல் பதியும்.'

சொன்ன வேகத்தில் இறங்கி, போர்வையை உருவிக் கதவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். வெயிலில் தலை பளபளக்கிறது. ஒருத்தர் திரும்ப வேண்டுமே. எல்லார் கண்ணும் காரில்.

'என்னங்க, என்னை யாருமே பாக்கல' என்றாள் மெதுவாக.

'பக்கத்துல அவ்வளவு அழகா ஒண்ணு நிக்கும்போது உன்னை எவன் பாப்பான்' என்றேன்.

அதே போர்வையால் என்னை ஒரு போடு போட்டாள். அவள் கையால் அடி வாங்கி எத்தனை மாதம் ஆயிற்று. கண் கலங்கிவிட்டது, வலி என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு அந்தக் கூட்டமே காரைத் தள்ளிக்கொண்டு வந்து எங்களை ஆஸ்பத்திரி வாசலில் விட்டது. அவள் ராணி மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தாள், நானும் தள்ளினேன்.

டேங்கைக் காலி செய்து கழுவியாகிவிட்டது. கண்காட்சிக்கு முன்னால் கார் உன் வாசலில் நிற்கும், கவலைப்படாதே. நீ செய்த உதவியைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. உன் வீட்டில் எல்லோரும் பஞ்சர் இல்லாமல் நெடுங்காலம் ஓடட்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: உறை தேடப் போன நேரத்தில் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். கார் வராது. ஆள் அனுப்பினாலும் சாவி கிடைக்காதாம். 'நான் படுத்ததுலேர்ந்து அவன் ஒரு தடவ எட்டிப் பாக்கல. என்னைப் பாத்தா அழுதுடுவானாம். கார் வேணும்னா அவனே வந்து எடுத்துக்கட்டும்' என்கிறாள். வந்துவிடு மச்சினா. அழுகையைத் தெருமுனையிலேயே முடித்துக்கொள். கொஞ்சம் சீக்கிரம், ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டு கிளட்ச் எது என்று கேட்கிறாள்.