கிள்ளான் வீட்டில் மோப்பம் பிடித்த கதை

எழுதக் கற்றுக்கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. கற்றதை உடனே யார் வீட்டிலாவது செய்து பார்க்கத் தோன்றும். அதிலும் நான் மைக்ரோவேவ் நிற்பதற்குள் கதவைத் திறக்கிற ரகம். ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் சனிக்கிழமை காலை எழுத்துப் பயிற்சி வகுப்பு நடக்கும். நான் எழுதியிருந்த 'அழகான கடற்கரை'யைப் படித்த ஆசிரியை பேனாவை மூடி வைத்தார்.

"அழகுன்னு நீங்க சொன்னா நான் ஏன் நம்பணும்? என்ன வாசம், என்ன சத்தம், கால்ல என்ன ஒட்டுச்சு, அதச் சொல்லுங்க."

அடுத்த வாரத்துக்குள் ஏதாவது ஓர் இடத்தை ஐம்புலன்களாலும் உணர்ந்து எழுதி வர வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

அன்று மாலையே நான் கிள்ளானுக்குப் போக வேண்டியிருந்தது. குமரனும் நானும் இரண்டு வருடமாகப் பழகுவது அவன் அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. "கூட்டிட்டு வா, பாக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அந்த ஒரு தேநீரில் இருந்தது. பேசாமல் உட்கார், கொடுப்பதைச் சாப்பிடு என்று ரயிலில் வழி நெடுக குமரன் ஓதினான்.

வீட்டில் என்னைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு குமரனின் அம்மா, அதாவது ஆன்டி, பொரித்த கறிபாப் பலகாரம் எடுக்க அடுப்படிக்குப் போனார். குமரன் அவன் அப்பாவோடு வாசலில் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுப்பாடம் உள்ளே அரித்தது. எழுந்தேன், கண்ணை மூடினேன், சுவரைத் தடவினேன், காதை வைத்துக் கேட்டேன். மூக்கு இழுத்த வழியே போய்ப் பின்னால் பூட்டியிருந்த ஓர் அறையின் சாவித் துவாரத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். (ஆமாம், முதல் தடவை போன வீட்டில்தான்.) திரும்பினால் தட்டோடு ஆன்டி.

தட்டைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்: "என்னம்மா, ஏதாச்சும் தெரியுதா?"

கிள்ளானில் இப்படி ஓர் இலக்கிய ரசிகையா என்று எனக்குப் புல்லரித்தது.

"தெரியுது ஆன்டி. இந்தப் பக்கம் மட்டும் சில்லுனு இருக்கு. உள்ள ஏதோ ரொம்ப நாளா நனைஞ்சு கெடக்குற வாசம். யாரோ உச்சுக் கொட்டுற மாதிரி சத்தம், விட்டு விட்டு."

ஆன்டியின் கண் கலங்கிவிட்டது. வாசலில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். அந்த அறையில் காத்து கருப்பு இருப்பதாகப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம், யாரும் நம்பவில்லையாம். வந்த ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்த இந்தப் பெண்தான் தனக்கு மருமகள் என்றார். நான் வாயைத் திறந்தேன். குமரன் என் காலை மிதித்தான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே கணக்குதான். உண்மையைச் சொன்னால் குமரன் போய்விடுவான், சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் குறிசொல்லி. சனிக்கிழமை வீட்டுப்பாடத்தைக் கொடுத்தேன். ஒரு குடும்பமே நடுங்கிய அந்த வர்ணனைக்குக் கீழே ஆசிரியை சிவப்பு மையில் எழுதினார்: 'நம்பும்படியாக இல்லை.'

மறுநாள் ஆன்டி வரச் சொன்னார். கல்யாண நிச்சயம் பேசத்தான் என்று சேலை கட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் நான்கு உறவினர்கள், கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். பந்திங் ஊரிலிருந்து வந்திருந்த குமரனின் சின்னம்மா, மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டுப் பழத்தை என் கையில் வைத்தார். பொய் சொல்ல எனக்கு வரும். ஆனால் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, ஒரு தாயின் முகத்தைப் பார்த்து வரவில்லை.

"ஆன்டி, அது ஹோம்வொர்க்," என்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதும்விட்டேன்.

மேலே காற்றாடி கிறீச்சிட்டது (அதையும் கவனித்தேன், கெட்ட பழக்கம்). ஆன்டி எழுந்து சாவியை எடுத்தார். பத்து வருடம் திறக்காத அறையைத் திறந்து, உள்ளே போய்த் தானே முகர்ந்தார். பைத்தியக்காரத்தனம் என்று கேலி செய்துவந்த அங்கிளும் இதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது அப்போது தெரிந்தது. மேல்மாடிக் குளியலறைக் குழாய் ஒழுகி, அலமாரிக்குப் பின்னால் சுவர் இடுப்பு உயரத்துக்குப் பாசி பிடித்திருந்தது. சொட்டு, சொட்டு.

ஆன்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பேய் இல்ல, பைப்பு. ஆனா கண்டுபிடிச்சது நீதானே."

கல்யாணம் முடிவானது.

இப்போது எங்கள் குடும்பத்தில் நான் முகராமல் யாரும் வீடு வாங்குவதில்லை. போன மாதம் ஷா ஆலத்தில் ஒரு வீடு பார்க்கப் போனோம். வீடு காட்ட வந்தவர் சமையலறை அலமாரியைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிச் சுவரில் காதை வைத்தேன். பின்னாலிருந்து மாமியார் அவரை அடக்கினார்:

"கொஞ்சம் இருங்க பாஸ். எங்க மருமக ஹோம்வொர்க் பண்றா."